கிணற்று நீரும் காலராக் கிருமியும்

நுண்ணுயிர் என்றவுடனே நோயை நினைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றுள் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருகிறது. செடி அதற்கு உணவளிக்கிறது. மாடு தின்ற வைக்கோலைச் செரிக்கச் செய்வனவும் நுண்ணுயிர்களே. இவ்வாறு இரண்டு உயிர்களும் பயன்பெறும் உறவு கூட்டுயிர் வாழ்க்கை எனப்படும். ஒன்று மற்றொன்றின் உடலிற் புகுந்து கேடு விளைப்பின், அதுவே நோய்.

காலராக் கிருமி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நோயாளியின் மலத்தோடு வெளியேறி நீரை அடைகிறது. அந்நீரைப் பருகுவோரின் குடலிற் புகுகிறது. 1884ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர், கல்கத்தாவில் காலரா பரவிய ஓரிடத்துக் குளத்து நீரிலேயே இக்கிருமியைக் கண்டார்.

நீரில் இக்கிருமி பெரும்பாலும் தனித்திருப்பதில்லை. மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டி வாழ்கிறது. ஆகவே, பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டினால், பூச்சியோடு கிருமியும் பெருமளவு நீங்கும். வங்காள தேசத்துச் சிற்றூர்களில் இவ்வாறு செய்ததால் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2003இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எனினும் வடிகட்டல் மட்டும் போதாது. காய்ச்சிப் பருகுவதே தக்க காப்பு.

கிருமி வரும் வழியை அடைப்பது பஞ்சாயத்தின் கடமை. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சிந்திய நீர் வழிந்தோடத் தளமும் வேண்டும். கழிப்பிடம் 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருத்தல் நலம். 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் தேவை. 2 மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 24 கிராம் போதும். பவுடரை வாளி நீரிற் கரைத்து, சுண்ணாம்பு அடியிற் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றிற் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழியுமுன் நீர் இறைத்தல் கூடாது.

நோய் கண்டுவிட்டால் தாமதம் ஆகாது. உடலின் நீர் வற்றுவதால் சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கலந்து, அடிக்கடி புகட்டிக்கொண்டே நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. சுகாதார நிலையத்திற்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ஒரு வீட்டு நோயை நாம் மறைத்தால், அது ஊர்க் கிணற்றின் வழியே எல்லா வீடுகளுக்கும் வந்து சேரும்.