தடையிலாச் சேவை

நுழையும்முன்

வங்கிப் பணப்பரிமாற்றம், தொடர்வண்டி முன்பதிவு, இணையவழி வணிகம் எனப் பல பணிகள் இன்று சேவையகங்களை நம்பியே நடைபெறுகின்றன. சேவையகம் நின்றால் அதனைச் சார்ந்த தொழிலும் நிற்கும். அவ்வாறு நேராமல் காக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கருத்தில் கொள்ளவேண்டியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

காலக் கணக்கு

ஓர் ஆண்டில் சேவையகம் எத்துணை நேரம் இயங்குகிறது என்பதை விழுக்காட்டால் குறிப்பர். 99.9 விழுக்காடு என்பது உயர்ந்த அளவாகத் தோன்றும். ஆயினும், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 46 நிமிட நிறுத்தத்திற்கு இடந்தருகிறது. 99.99 விழுக்காட்டில் இது 53 நிமிடமாகவும், 99.999 விழுக்காட்டில் 5 நிமிடத்திற்குச் சற்று மேலாகவும் குறைகிறது. ஒன்பதுகள் கூடக்கூடச் செலவும் சிக்கலும் கூடும். ஆகவே, தன் தொழில் எத்துணை நேர நிறுத்தத்தைத் தாங்கும் எனக் கணித்தலே நிறுவனத்தின் முதற்பணியாகும்.

துடிப்பும் அமைதியும்

ஒரே பணிக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சேவையகங்களை இணைத்து வைப்பதே இம்மென்பொருளின் அடிப்படை. அவை 'இதயத்துடிப்பு' எனப்படும் சிறு செய்திகளை இடையறாது பரிமாறிக்கொள்கின்றன. துடிப்பு நின்றால், மற்றொன்று பணியை ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் இயங்குதளத்தில் கோரோசிங்க் இச்செய்திப் பரிமாற்றத்தைக் கவனிக்க, பேஸ்மேக்கர் எப்பணி எங்கு இயங்கவேண்டும் என முடிவு செய்கிறது.

இங்குதான் ஓர் ஐயம் எழுகிறது. துடிப்பு நின்றதற்குக் காரணம் சேவையகத்தின் பழுதா? இடையிலுள்ள இணைப்பு அறுந்ததா? இணைப்பு மட்டும் அறுந்திருந்தால், இரண்டு சேவையகங்களும் தம்மையே தலைமையாகக் கருதித் தனித்தனியே கணக்கு எழுதத் தொடங்கும். ஒரு கடைக்கு இரு கணக்கேடுகள் உருவாவதைப் போன்றது இது. இதனைத் தவிர்க்கவே, பெரும்பான்மை வாக்குப் பெற்ற பகுதி மட்டும் இயங்கும் முறையும், ஐயத்திற்குரிய சேவையகத்தின் மின்சாரத்தைத் துண்டித்து விலக்கும் முறையும் உருவாக்கப்பட்டன.

43 நொடிகள்

2018 அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவின் கிட்ஹப் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். பராமரிப்புப் பணியின்போது கிழக்குக் கடற்கரைத் தரவு மையத்தின் இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. அதற்குள் மென்பொருள், தரவுத்தளத்தின் தலைமையை மேற்குக் கடற்கரைக்கு மாற்றிவிட்டது. பெரும்பான்மை வாக்கின்படியே அம்மாற்றம் நடந்தது. ஆனால், கிழக்கில் இறுதியாகப் பதிவான சில தரவுகள் மேற்கிற்குச் சென்று சேரவில்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் சேரத் தொடங்கின. இதனால், சேவை 24 மணி 11 நிமிடம் பாதிக்கப்பட்டது. விரைவைவிடத் தரவின் நம்பகமே முதன்மை என அந்நிறுவனம் முடிவெடுத்தது.

தேர்வு முறை

மென்பொருள் எத்துணை விரைவாகப் பணியை மாற்றும் என்பதை மட்டும் நோக்குதல் போதாது. எந்நிலையில் மாற்றாமல் காத்திருக்கும் என்பதையும் நோக்க வேண்டும். தரவு இரு இடங்களிலும் பதிவான பின்னரே ஒப்புதல் தரும் முறையில் இழப்புக் குறைவு. ஆனால், தொலைவு மிகும்போது வேகம் குறையும். முதலில் ஒப்புதல் தந்து, பின்னர்ப் படியெடுக்கும் முறை விரைவானது. ஆனால், இறுதிப் பதிவுகள் சில இழக்கப்படலாம். பணம் சார்ந்த தொழிலுக்கு முன்னதும், சிறிது இழப்பைத் தாங்கும் பணிக்குப் பின்னதும் பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

தடையிலாச் சேவை காப்புப்படிக்கு மாற்றாகாது. ஒருவர் தவறுதலாக அழித்த தரவு, இரண்டாம் சேவையகத்திலும் உடனே அழிந்துவிடும். எனவே, காப்புப்படி தனியே இருத்தல் வேண்டும்.

எம்மென்பொருளைத் தேர்ந்தாலும், ஒரு சேவையகத்தை வேண்டுமென்றே நிறுத்திச் சோதித்தல் இன்றியமையாதது. இடர் நேராத நாளில் செய்யும் அப்பயிற்சியே இடர் நேரும் நாளில் தொழிலைக் காக்கும்.