மரமேறும் கயிறும் அதன் பிடியும்

வனவியல் பயிலும் என்னிடம் தோழர்கள் சிலர் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: "கயிற்றில் மரமேறுவதற்கு எந்தக் கருவி சிறந்தது?" விதை திரட்டவும், பட்ட கிளையை வெட்டவும், பறவைக் கூட்டை ஆராயவும் உயர்ந்த மரங்களில் ஏற வேண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இது வீண் கேள்வி அன்று. ஆயினும், ஒரு கருவியின் பெயரை மட்டும் விடையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கருவி தனித்து நிற்பதில்லை. கயிறு, பிடி, ஏறுபவரின் எடை ஆகிய மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. கோளாறு வந்தாலும் பெரும்பாலும் இம்மூன்றின் பொருத்தத்தில்தான் வருகிறது.

முதலில் எடை எங்கே செல்கிறது என்று பார்ப்போம். மரமேறும் முறைகள் இரண்டு. ஒன்று ஓடும் கயிறு. கயிற்றைக் கிளையின்மேல் போட்டு, ஒரு முனையை இடுப்புவாரில் கட்டுவார்கள். மறுபக்கத்துக் கயிற்றைப் பிடிமுடிச்சால் அதே இடுப்புவாரோடு இணைப்பார்கள். ஏறும்போது கயிறு கிளைமேல் ஓடும். ஏறுபவர் 70 கிலோ எடையுள்ளவர் என்றால், உராய்வை நீக்கிக் கணக்கிட, பிடியின்மேல் விழுவது 35 கிலோதான். மற்றொன்று நிற்கும் கயிறு. ஒற்றைக் கயிறு அசையாமல் தொங்கும். ஏறுபவரே அதன்மேல் நகர்வார். அப்போது 70 கிலோவும் பிடியின்மேல் விழும்.

இனிக் கிளையின் கணக்கு. கிணற்றில் நீர் இறைக்கும்போது, குடத்தின் எடையும் நாம் இழுக்கும் விசையும் சேர்ந்தே கப்பியின்மேல் விழுகின்றன அன்றோ? அதுபோலவே, நிற்கும் கயிற்றைக் கிளைமேல் போட்டு மரத்தின் அடியில் கட்டினால், 70 கிலோ மனிதருக்காகக் கிளை ஏறத்தாழ 140 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கும். கயிற்றைக் கிளையிலேயே கட்டினால் 70 கிலோவே. ஆகவே கருவியைத் தேர்வதற்கு முன் கிளையைத் தேர்ந்தாக வேண்டும்.

பிடிமுடிச்சுகளுக்கு வருவோம். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சு புகழ்பெற்றது. மரப்பணியாளரிடையே ஜேசன் பிளேக் 1994-இல் பரப்பிய முடிச்சும் பெருவழக்காயிற்று. எல்லாவற்றிற்கும் தத்துவம் ஒன்றே. எடை விழுந்தால் சுற்றுகள் இறுகும். எடை நீங்கினால் நெகிழும். ஓடும் கயிற்றில் இனிதே வேலை செய்யும் முடிச்சு, நிற்கும் கயிற்றில் இறங்கும்போது இறுகிக் கொள்வது ஏன்? எடை இரட்டித்துவிட்டது, அதனால்தான். இதற்காகவே கெவின் பிங்ஹாம் 'ரோப் ரெஞ்ச்' என்னும் கருவியை அமைத்தார். அது முடிச்சுக்கு மேலே கயிற்றைச் சற்று வளைத்து, உராய்வில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறது. முடிச்சு மீண்டும் நெகிழ்கிறது.

ஜூமார் வேறு வகையைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜூசி, மார்ட்டி என்னும் இருவர் 1958-இல் அதை உருவாக்கினர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள் இணைந்ததே அப்பெயர். அதன் பற்கள் கயிற்றைக் கவ்வும். அது மேலே நகரும்; எடையைச் சுமந்தபடி கீழே இறங்காது. கயிறு தளர்ந்திருக்கும்போது திடீரென விழுந்தால், அப்பற்கள் கயிற்றின் மேலுறையைக் கிழித்துவிடும். எனவே ஜூமாரை மட்டும் நம்பி ஏறுவது தகாது. இறங்குவதற்கும் ஒரு கருவி உடனிருக்க வேண்டும்.

கோளாறு நேர்ந்தால் என்ன செய்வது? மரத்தின்மேல் இருப்பவர் முதலில் இரண்டாவது கட்டுவாரை அடிமரத்தைச் சுற்றிப் போட்டுத் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி அதன் பிறகுதான்.

பிடி வழுக்குகிறதா? சுற்றுகள் குறைவாக இருக்கலாம்; முடிச்சுக் கயிறு தடித்து விறைத்திருக்கலாம்; கயிறு புதிதாய் வழவழப்பாக இருக்கலாம். இயந்திரக் கருவியாயின் உலோகம் தேய்ந்திருக்கலாம். பிடி இறுகி நகர மறுக்கிறதா? சுற்றுகள் மிகுதி, அல்லது முடிச்சுக் கயிறு மிக மெல்லியது. ஏறியபின் பிடி தானாக மேலே வரவில்லையா? அடிக்கயிற்றுக்குப் போதிய கனம் இல்லை. நண்பர் ஒருவர் கீழிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்தால் சரியாகும். முடிச்சு பளபளத்துக் கெட்டிப்பட்டிருக்கிறதா? விரைந்து இறங்கியதால் உண்டான வெப்பம் இழையை உருக்கியிருக்கிறது. அதைத் தயங்காமல் ஒதுக்குங்கள். நைலான் வெப்பத்தில் உருகும்; அராமிட் இழை உருகுவதில்லை. அதனால்தான் முடிச்சுக் கயிறுகளில் அராமிட் விரும்பப்படுகிறது.

இவற்றைச் சீர்செய்யும்போது ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். சுற்றையும் கயிற்றையும் ஒருங்கே மாற்றினால் குற்றம் எதனுடையது என்று தெரியாமலே போகும். மாற்றியபின் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் முழு எடையோடு தொங்கிப் பாருங்கள்.

வாங்கச் செல்பவர்கள் நான்கு கேள்விகளை மனத்தில் கொள்ளுங்கள். கருவியில் பொறித்துள்ள மில்லிமீட்டர் அளவு நம் கயிற்றுக்குப் பொருந்துமா? ஓடும் கயிறு, நிற்கும் கயிறு ஆகியவற்றுள் எதற்காக அது அமைந்தது? எடையோடு இறங்க இயலுமா? நமக்கு ஏதேனும் நேர்ந்தால் கீழே இருப்பவர் நம்மை இறக்க வழியுண்டா? விலை ஐந்தாவது கேள்வி. அது முதற்கேள்வி ஆகலாகாது.

தொடங்குவோருக்கு என் பரிந்துரை எளியது. தேர்ந்த ஒருவரின் துணையோடு, தாழ்ந்த கிளையில், ஓடும் கயிற்றில், பிளேக் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். அது விலை குறைந்தது. உராய்வு என்னும் பாடத்தைக் கைக்கே கற்பிப்பது. கட்டுரை படித்தவர் மரமேறி ஆகிவிடமாட்டார். ஆனால் எடை போகும் வழியை அறிந்தவர், எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் அதனிடம் சரியான கேள்வியைக் கேட்பார். உயரத்தில் உயிரைக் காப்பது அந்தக் கேள்வியே.