அமில அரணைத் தாண்டும் கிருமி

இரைப்பையில் சுரக்கும் அமிலம், உணவோடு வரும் கிருமிகளுள் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகிறது. ஆயினும் சால்மோனெல்லா போன்ற சில தப்பிவிடுகின்றன. எவ்வாறு?

மிதமான புளிப்பில் சிறிது நேரம் இருந்த சால்மோனெல்லா, தன்னைக் காக்கும் புரதங்களை உருவாக்கிக்கொள்கிறது. பின்னர்க் கடும் அமிலத்தையும் தாங்குகிறது. எனவே எலுமிச்சைச் சாற்றிலோ தயிரிலோ ஊறவைப்பதால் மட்டும் இறைச்சி பாதுகாப்பானதாகிவிடாது. உடலினுள் நம் வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அதனைத் தாக்குகின்றன. அதையும் கேட்டலேஸ் என்னும் நொதியால் நீராகவும் ஆக்சிஜனாகவும் அக்கிருமி சிதைத்துவிடுகிறது. ஆனால் நன்கு வேகவைக்கும் வெப்பத்தில் அது பிழைப்பதில்லை.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு இந்த முதல் அரண் தளர்ந்திருக்கும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. உணவில் கூடுதல் கவனம் கொள்வதே தக்கது.

• கோழி, முட்டை ஆகியவற்றை உட்பகுதி வரை, 70 டிகிரி செல்சியசுக்கு மேல் வேகவைக்கவும்.
• சமைத்த உணவை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்க வேண்டா.
• மீந்த உணவை ஆவி பறக்கச் சூடாக்கிய பின்னரே உண்ணவும்.

காய்ச்சலுடன் வயிற்றுப்போக்கோ, மலத்தில் இரத்தமோ காணப்பட்டால் உடனே மருத்துவரை அணுகவும். உட்கொள்ளும் மருந்துகளையும் அவரிடம் கூறவும்.