விசிறிவால் உள்ளானும் ஊசிவால் உள்ளானும்

திருப்பதி மாவட்டத்து நாகலாபுரத்தைச் சூழ்ந்துள்ளவை போன்ற ஏரிப்பாசன வயல்களில், குளிர்காலத்தில் உள்ளான் என்னும் பறவை வந்து தங்குகிறது. நீண்ட அலகும், வைக்கோல் நிறக் கோடுகள் ஓடிய பழுப்பு முதுகும் உடைய இப்பறவை, காலடி நெருங்கும்வரை சேற்றில் பதுங்கியிருந்து திடீரென எழும். களக் குறிப்பேட்டில் ‘உள்ளான்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அப்பெயருள் இரண்டு இனங்கள் அடங்கியுள்ளன.

விசிறிவால் உள்ளானுக்கு 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டார். ஊசிவால் உள்ளானுக்கு 1831-இல் போனபார்ட் பெயரிட்டார். முன்னது ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் கூடு கட்டுவது. பின்னது பெரும்பாலும் சைபீரியாவைச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் இரண்டும் ஒரே வயலில் மேய்வதுண்டு.

ஐயத்துக்கு இடமில்லாத வேற்றுமை வாலில் உள்ளது. விசிறிவாலில் பொதுவாக 14 அகன்ற இறகுகள் உள. ஊசிவாலிலோ சுமார் 26. அவற்றுள் இருபுறத்து ஓர இறகுகள் குண்டூசிபோல ஒடுங்கி விறைத்திருக்கும். வேட்டைக்காரர் காலத்தில் இவற்றைக் கையில் வைத்து எண்ண முடிந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடுத்தன. அது நன்றே, எனினும் உறுதியான அடையாளம் கைக்கு எட்டாததாயிற்று. வளையமிடுவதற்காக வலையில் பிடிப்போரும், வாலை விரித்துக் கோதும் பறவையைப் படமெடுப்போருமே இன்று அதனைக் காண்கின்றனர்.

மற்றையோர்க்குப் பறவை எழும் சில நொடிகளே கிடைக்கின்றன. அப்போது இறக்கையின் பின்விளிம்பை நோக்குக. அங்கே தெளிவான வெண்கரை ஓடினால் அது விசிறிவால். ஊசிவாலில் அக்கரை அநேகமாகத் தோன்றாது. இறக்கையின் அடிப்புறமும் ஒரே சீராகக் கருமை கலந்து காணப்படும். விசிறிவால் கரகரத்த குரலெழுப்பி வளைந்து வளைந்து விரையும். ஊசிவாலின் பறத்தல் சற்று மந்தமானது, நேரானது. அது அறுவடைத் தாள் நின்ற உலர்நிலத்தையும் விரும்பும். ஆயினும் இடத்தை மட்டும் கொண்டு இனத்தைத் துணிதல் தவறு.

ஆசிரியர்கள் ஒன்று கவனிக்க: மயில் உள்ளான் பெயரளவில்தான் உள்ளான், அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

வெண்கரை இல்லாமை ஊசிவாலுக்குச் சான்றாகாது. இந்தியாவுக்கு வலசை வரும் ஸ்வின்ஹோ உள்ளானிலும் அது தெளிவாக இல்லை. தேய்ந்த இறகிலும் கரை மங்கியிருக்கலாம். எனவே கரையைக் கண்டபோது ‘விசிறிவால்’ என்றும், காணாதபோது ‘உள்ளான், இனம் துணியப்படவில்லை’ என்றும் பதிக. ஊகித்து எழுதிய பெயரைப் பின்னால் எண்ணிக்கையை ஒப்பிடுவோர் பிரித்தறிய இயலாது. நாளையும், வயல் ஈரமோ உலர்வோ என்பதையும் உடன் குறிக்க.