அகத்திக்கீரை கசக்கிறதே!

கேள்வி: அகத்திக்கீரைப் பொரியல் செய்தால் கசப்பு தாங்கவில்லை, நிறமும் கறுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஆலங்குளம் (ராஜபாளையம் வழி)

பதில்: முற்றிய இலையைத் தள்ளிவிட்டுக் கொழுந்தாகப் பார்த்து வாங்கி, காம்பு நீக்கிப் பொடியாக அரியுங்கள். இரண்டாம் முறை அரிசி களைந்த தண்ணீரில் வேகவிட்டால் கசப்பு மட்டுப்படும். பாத்திரத்தை மட்டும் மூடாதீர்கள். கீரையிலுள்ள அமிலம் ஆவியோடு வெளியேற வேண்டும். உள்ளேயே தங்கினால் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தைப் பிரித்துவிடும், இலை கறுக்கும். மலர வெந்த பாசிப்பருப்பு, தாளித்த சின்ன வெங்காயம், வரமிளகாய் சேர்த்து, தேங்காய்த் துருவலைத் தாராளமாகத் தூவுங்கள். கஞ்சத்தனம் இங்கே வேண்டாம். கசப்பு அடியோடு போகாது, போகவும் வேண்டாம். துவாதசிப் பாரணையில் நெல்லிக்காயோடு இதையும்தானே தேடிச் சாப்பிடுகிறோம்! வீட்டில் யாராவது சித்த மருந்து சாப்பிட்டால், வைத்தியரைக் கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள்.