போதுமென்ற மனசு: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

"போதுமென்ற மனசைத் தாங்க ஆண்டவரேன்னு தினமும் ஜெபிக்கிறேன் அக்கா, வரவே மாட்டேங்குது" என்று போனில் சொன்னாய். கேட்டது சரிதான் தங்கச்சி. ஆனால் கேட்ட மறுநாள் காலையில் வந்து நிற்கும் காரியம் இல்லை அது. பிலிப்பி சபைக்கு எழுதும்போது பவுல் அப்போஸ்தலன், குறைவிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். எழுதியது காவலில் இருந்துகொண்டு. பட்டினி, அடி, கப்பல்சேதம் எல்லாம் பார்த்த மனுஷன். அவருக்கே அது கற்றுத்தான் வந்தது என்றால், இரண்டு பிள்ளைகளையும் வாடகை வீட்டையும் வைத்துக்கொண்டு நீ பதறுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? உன்னையே திட்டிக்கொள்வதை விடு. பழகலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், குறையை மூடி மறைக்காதே. உள்ளே மனசு வெந்துகொண்டிருக்கும், வாய் மட்டும் "ஒரு குறையும் இல்லை, ஸ்தோத்திரம்" என்று சொல்லும். மனுஷரிடம் எப்படியோ, ஜெபத்தில் அப்படிப் பேசாதே. 73-ம் சங்கீதத்தை எடுத்து ஒரே மூச்சில் வாசி. துன்மார்க்கர் செழிப்பாக இருப்பதைப் பார்த்துத் தனக்குப் பொறாமை வந்ததை ஆசாப் ஒளிக்காமல் சொல்கிறான். இருதயத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டதே வீண்தானோ என்று தோன்றியதையும் சொல்கிறான். அவன் பார்வை மாறுவது தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகு. அதற்காக அவனுக்குப் புதிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. தேவனை அண்டிக்கொண்டிருப்பதே தனக்கு நலம் என்று அங்கே தெரிந்துகொள்கிறான், அவ்வளவுதான்.

உன் கூட வேலை பார்ப்பவள் வீடு கட்டிப் பிரதிஷ்டைக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் பெயரைச் சொல்லியே சொல்: "அவளுக்குச் சொந்த வீடு ஆண்டவரே, எனக்கு வருஷா வருஷம் வீட்டுக்காரரிடம் கெஞ்சல். வலிக்கிறது." சொல்லி முடித்ததும் அந்த வீட்டுக்காக ஜெபி. அங்கே சண்டை இருக்கக் கூடாது, லோன் சிக்கலில்லாமல் அடைய வேண்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று கேள். பிறகு பிரதிஷ்டைக்குப் போ. அடுப்படி, மாடி எல்லாம் சுற்றிப் பார். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா. பொறாமை ஒரு ஜெபத்தோடு போய்விடாது. மறுபடி தலை தூக்கினால் மறுபடி அவள் பெயரைச் சொல்லி ஜெபி. காலையில் வேதம் வாசிக்கும் முன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறக்காமல் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது, அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்கு வாழ்வது. நமக்குத் தூக்கம் கெடுவது பெரும்பாலும் இன்றைய குறையால் இல்லை. இன்றைக்கு அரிசி இருக்கிறது, குழம்பு இருக்கிறது. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம்தான் ஜனவரியிலேயே வந்து படுக்கையில் நம்மோடு படுத்துக்கொள்கிறது. யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தில் மன்னா பெய்கிறது. தலைக்கு ஒரு ஓமர். அதிகம் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. நாளைக்கு இருக்கட்டும் என்று சிலர் எடுத்து வைத்தது புழுத்து நாறியது. பரமண்டல ஜெபத்திலும் ஆண்டவர் அன்றன்றைக்குள்ள ஆகாரத்தைத்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்.

"அப்படியென்றால் சீட்டுப் போடக் கூடாதா, இன்ஷூரன்ஸ் கட்டக் கூடாதா?" என்று நீ கேட்பாய். அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே வாசி. ஆறாம் நாள் இரண்டு மடங்கு சேர்க்கச் சொன்னதும் அவர்தான். அப்படி எடுத்து வைத்தது மறுநாள் கெடவில்லை. ஆகவே சேமிப்பது விசுவாசக் குறைவு இல்லை, தாராளமாகச் சீட்டுப் போடு. போட்ட பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மனக்கணக்குப் போடுகிறாயே, அதைத்தான் விடச் சொல்கிறேன்.

அதற்கு ஒரு நோட்டு வாங்கு. சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். இடது பக்கம் தேவையைத் தொகையோடும் தேதியோடும் எழுது: "கரண்ட் பில், 1,840 ரூபாய், 20-ம் தேதிக்குள்." வலது பக்கம், அதற்காக இன்றைக்கு நீ செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் எழுது. யாரிடமாவது வர வேண்டிய பணத்தைக் கேட்பதாக இருக்கலாம், ஒரு செலவைத் தள்ளிப்போடுவதாக இருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடு. நோட்டின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணி மூடிவிட்டுப் படு. பில் கட்டிய அன்று, பணம் எப்படி வந்தது என்பதையும் தேதியையும் அந்த வரிக்குக் கீழேயே சிவப்பு மையில் எழுது. இந்தச் சிவப்பு வரிகளை ரொம்ப நம்புகிறேன். நாளாக ஆக நம் மனசு மறந்துவிடும், நோட்டு மறக்காது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1836-ல் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு வீடு திறந்த ஜார்ஜ் முல்லர், பணத்துக்காக மனுஷரிடம் கையேந்துவதில்லை, தேவனிடமே கேட்பது என்று தீர்மானித்தவர். அவருடைய காலத்திலேயே அந்த வீடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவ்வளவு விசுவாசம் உள்ள மனுஷர், வந்த சின்னச் சின்னக் காணிக்கைக்கும் கணக்கு எழுதி வைத்தார், அச்சடித்தும் வெளியிட்டார். கணக்கு எழுதுவதால் விசுவாசம் குறையாது.

இன்னொன்று நம் ஆச்சிமார் செய்தது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்க அரிசி அளந்ததும், களையும் முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அளந்த பிறகு எடுப்பதுதான் முக்கியம். மூட்டையில் மிஞ்சியதை அள்ளிக் கொடுத்துவிடலாம், அது பெரிதில்லை. இன்று சமைக்கப்போகும் சோற்றில் ஒரு பிடி குறையும் என்று தெரிந்தே எடுத்துப் போடும்போது, நாளைக்கும் ஆண்டவர் தருவார் என்பதைக் கையே சொல்லிவிடுகிறது. உன் சபையில் இந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தாலும் நீ வீட்டில் ஆரம்பி. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிற பாட்டி யாருக்காவது கொடு. பிள்ளைகளின் கையாலேயே போடச் சொல். மணலில் எழுதியதுபோல் அழிந்துபோகாமல் அது அவர்கள் மனசில் தங்கும்.

உடம்பு முடியாமல் போகும் காலத்துக்கு இதெல்லாம் போதாது. அதற்கு நான் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத்தான் நினைத்துக்கொள்வேன். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர், 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். ஓடியாடி வேலை செய்த அந்த மனுஷி 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் தெரியாமல் குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பழையபடி நடமாட முடியாமலே போயிற்று. 1951-ல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 20 வருஷம், பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே அவர் பல புத்தகங்களை எழுதினார். 1933-ல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளிகளுக்கென்றே எழுதியது. சுகமாக நடமாடுகிறவர்கள் எழுதும் ஆறுதல், வலியில் கிடப்பவர்களைத் தொடுவதில்லை என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

இதிலிருந்து உனக்கு ஒரு கண்டிப்பான டிப்ஸ். போதுமென்ற மனசோடு இரு என்பதை உனக்கு நீயே சொல்லிக்கொள். குழந்தை தங்காமல் அழுகிறவளிடமும், கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறவளிடமும் போய் அதைச் சொல்லாதே. சோறு கொண்டுபோ, துணி துவைத்துக் கொடு, பக்கத்தில் உட்கார்.

சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது வருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் 'ஆசீர்வாதம்' என்று வந்தால் அதைக் கார் என்றும் பிளாட் என்றும் நீயாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. டிசம்பரில் ஏமாந்து நிற்பாய். சாட்சி நேரத்தில் விசா கிடைத்தவர்களும் வரன் அமைந்தவர்களும்தான் எழுந்திருக்க வேண்டும் என்று இல்லை. அத்திமரம் துளிர்விடாமலும் தொழுவத்தில் மாடு இல்லாமலும் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் பாடியதும் சாட்சிதான். வேலை கிடைக்காத மாதத்திலும் எழுந்து, "கர்த்தர் இந்த மாதம் என்னோடு இருந்தார்" என்று சொல்.

இனிச் சொல்வதை மறந்துவிடாதே. போதுமென்ற மனசு என்றால் அநியாயத்துக்கு அடங்கிப் போவது இல்லை. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். நடுராத்திரியில் இருவரும் துதித்துப் பாடினார்கள். விடிந்ததும் அதிகாரிகள் சத்தமில்லாமல் விடுதலை செய்யப் பார்த்தபோது பவுல் ஒத்துக்கொள்ளவில்லை. ரோமரான எங்களை வெளியரங்கமாக அடித்தவர்கள் தாங்களே வந்து அழைத்துப் போகட்டும் என்று நின்றார். அவர்களும் வந்தார்கள். மனரம்மியத்தைப் பற்றி அவர் எழுதியது அதே ஊர்ச் சபைக்குத்தான். ஆகவே சம்பளத்தை இழுத்தடிக்கிற முதலாளியிடம் கணக்கோடு போய்க் கேள். புருஷன் கை நீட்டுகிற வீட்டில் இருக்கிற எந்தப் பெண்ணையும் "சிலுவையைச் சும" என்று சொல்லி அனுப்பாதே. 181 மகளிர் உதவி எண்ணைக் கொடு, கூடவே போ.

உதவி வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளவும் பழகு. நம் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். எந்த நிலையிலும் திருப்தியாக இருக்கத் தெரிந்த அதே பவுல், பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பியதை வாங்கிக்கொண்டார். என் உபத்திரவத்தில் பங்கெடுத்து நல்ல காரியம் செய்தீர்கள் என்று நன்றியும் எழுதினார். உன் மாமியார் ஒரு சிப்பம் அரிசி அனுப்பினால் "எதற்கு அத்தை" என்று திருப்பி அனுப்பாதே. வாங்கி வைத்துவிட்டு, அத்தையின் பெயரையும் தேதியையும் அந்த நோட்டில் சிவப்பு மையில் எழுது.