மணலோடு போவது எது?

கேள்வி: லஞ்சம் வாங்குவது தனிமனிதத் தவறுதானே? அது நாட்டின் வளர்ச்சியை எப்படிக் கெடுக்கும்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நம் தாமிரபரணியையே பாருங்கள். ஆற்று மணல் வெறும் கட்டுமானப் பொருள் அல்ல. வெள்ளத்தில் குடித்த நீரைக் கோடையில் மெல்ல விடுவது அதுதான். நெல்லை, தூத்துக்குடி மக்களுக்குத் தண்ணீர் தரும் உறைகிணறுகள் இந்த மணலை நம்பித்தான் இருக்கின்றன. திருட்டு லோடு ஒன்று சோதனைச் சாவடியைத் தாண்ட ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அவருக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். அரசு இழப்பது கனிம வருவாய். கரையோர விவசாயிக்கோ கிணறே வற்றிப்போகிறது. ஆழப்படுத்தக் கடன் வாங்குகிறார். இந்தக் கடன் எந்த ஊழல் கணக்கிலும் வராது.

2010-ல் கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், இந்த ஆற்றில் மணல் அள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. திருட்டு நிற்கவில்லை.

இதே ஆற்றங்கரையில் உள்ள முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தல் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று, பட்டப்பகலில், அவர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. விரைவான தீர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கிராம அலுவலர் புகார் எழுத உட்காரும்போது அவர் வீட்டார் என்ன சொல்வார்கள்? நேர்மையாக இருக்க உயிரையே பணயம் வைக்கவேண்டிய இடத்தில் பள்ளிக்கூடம், ரேஷன், பட்டா எதுதான் ஒழுங்காக நடக்கும்?